புளிப்பு பீர்: கெட்டில் சவரையும் லாம்பிக்கையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

பார்லிமணி (இழையைத் தொடங்கியவர்)

"சவர் பீர் எப்படிச் செய்வது" என்று கேட்டால் ஒருவர் இரண்டு நாள் என்கிறார், இன்னொருவர் மூன்று வருடம் என்கிறார். இருவர் சொல்வதும் சரிதான், பேசுவது வேறு வேறு பீரைப் பற்றி. அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டில் சவர் என்பது கொதிகலத்திலேயே பாக்டீரியா விட்டு ஓரிரு நாளில் புளிக்கவைக்கும் பீர். அதன் புளிப்பு முழுக்க லாக்டிக் அமிலம். லாம்பிக், காற்றிலிருந்து வரும் கிருமிகளால் வருடக்கணக்கில் புளிக்கும் பெல்ஜிய பீர். அதில் அமிலம் ஒரு பாகம்தான். மீதியெல்லாம் பிரெட்டனோமைசஸ் ஈஸ்டும் மரப் பீப்பாயும் காலமும் சேர்ந்து செய்தது. முன்னதைப் பின்னதற்குக் குறுக்குவழி என்று சொல்லி விற்பது எனக்கு ஒப்பவில்லை. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம், ஆனால் அளவும் வெப்பநிலையும் போட்டு எழுதுங்கள். "கொஞ்ச நேரம் புளிக்க விடவும்" வகைப் பதில்கள் வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கவனத்துக்கு: 1937 மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். கீழே வரும் செய்முறைகள், அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு.

கருந்தாழி

லாம்பிக்கின் ஊர் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸும் அதன் மேற்கு, தென்மேற்கில் இருக்கும் பாயோட்டன்லாந்து கிராமங்களும். தானியத்தில் 30 முதல் 40% முளைகட்டாத கோதுமை, மீதி பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி). மாஷ் செய்வதே, அதாவது அரைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை எடுப்பதே, தனி விதம். 45 டிகிரியில் தொடங்கி 52, 65, 72 என்று படிப்படியாக ஏற்றுவார்கள். இடையிடையே கலங்கலான நீரை வெளியே எடுத்து 80 டிகிரிக்கு மேல் சூடாக்கித் திரும்ப ஊற்றுவார்கள். அந்தச் சூட்டில் நொதிகள் செத்துவிடுவதால் மாவுச்சத்தும் டெக்ஸ்ட்ரினும் சர்க்கரையாக உடையாமல் வோர்ட்டிலேயே (பீராக நொதிக்கப்போகும் இனிப்புச் சாறு) தங்கிவிடும். சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. ஒரு வருடம் கழித்தும் பீடியோகாக்கஸ் பாக்டீரியாவும் பிரெட்டும் (பிரெட்டனோமைசஸ்) உயிர் பிழைப்பது அதை வைத்துத்தான்.

பிரஸ்ஸல்ஸின் கான்டிலோன் ஆலையில் (1900இல் தொடங்கியது) சுமார் 10,000 லிட்டர் வோர்ட்டைக் கொதிக்கவைத்து 7,500 லிட்டராக வற்றவைக்கிறார்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) மூன்று வருடம் பழையது. கசப்பும் வாசனையும் போய்விட்டிருக்கும், பாக்டீரியாவை அடக்கும் குணம் மட்டும் பாக்கி. பிறகு மேல்மாடியில் உள்ள கூல்ஷிப், அதாவது அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஓர் இரவு திறந்தே கிடக்கும். விடியும்போது 18, 20 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு இரவுக் குளிர் மைனஸ் 3 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதனால்தான் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மட்டும் காய்ச்சுகிறார்கள். வோர்ட் மெதுவாக ஆறினால் வெதுவெதுப்பில் வளரும் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். 2015 நவம்பரில் இரவுகள் குளிரவே இல்லை என்பதால் கான்டிலோன் காய்ச்சுவதை நிறுத்திவைத்தது.

பீப்பாய்க்குள் போனபின் முறை வைத்து ஆள் மாறும். முதல் மாதம் குடல்வகை பாக்டீரியாக்கள். பி.எச். இறங்கி அமிலம் ஏறியதும் அவை ஒழியும். அடுத்த மூன்று நான்கு மாதம் சாதாரண ஈஸ்ட் முக்கால்வாசி சர்க்கரையை முடிக்கும். கோடை வெப்பம் ஏறும்போது பீடியோகாக்கஸ் எழும், உண்மையான புளிப்பு அப்போதுதான் வரும். எட்டாவது மாதத்தை ஒட்டி பிரெட் ஆட்சி. ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால் கூஸ். இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை நுரையைத் தரும், மூத்தது ஆழத்தைத் தரும்.

கொதிகலன்

@பார்லிமணி, குறுக்குவழிங்கற பேச்சுலயே எனக்கு உடன்பாடு இல்லை. கெட்டில் சவர் லாம்பிக்குக்குக் குறுக்குவழி இல்லைங்க. அது போற ஊரே வேற: பெர்லினர் வைஸ, கோஸன்னு ரெண்டு ஜெர்மன் புளிப்பு பீர். மூணுலேர்ந்து அஞ்சு சதவீத ஆல்கஹால், லேசான உடம்பு, எலுமிச்சை மாதிரி சுத்தமான புளிப்பு. இதுக்கு மூணு வருஷப் பீப்பாய் எதுக்கு?

20 லிட்டர் கோஸ கணக்கு சொல்றேன். கோதுமை மால்ட் 2 கிலோ, பில்ஸ்னர் மால்ட் 2 கிலோ. 66 டிகிரில ஒரு மணி நேரம் மாஷ். சாறு எடுக்கும் திறன் 72%ன்னா தொடக்க அடர்த்தி (தண்ணி 1.000ன்னா) 1.044 பக்கம் வரும்.

ஹாப்ஸ் போடாம 10 நிமிஷம் கொதிக்க விட்டு, 37 டிகிரிக்கு ஆத்துங்க. 88% லாக்டிக் அமிலத்தை 2 மில்லி 2 மில்லியா ஊத்தி, கலக்கி, அளந்து பி.எச். 4.5க்குக் கொண்டுவாங்க. மொத்தம் 10 முதல் 20 மில்லி பிடிக்கும். இந்தப் படியைத் தாண்டிப் போறவங்கதான் அதிகம், அப்புறம் வாந்தி நாத்தம்னு புலம்புறவங்களும் அவங்கதான். 4.5க்குக் கீழ கிளாஸ்ட்ரிடியம் (அந்த நாத்தத்தைத் தர்ற பாக்டீரியா) தலையெடுக்காது. நுரைக்கு வேண்டிய புரதமும் ரொம்ப உடையாம தப்பிக்கும்.

அடுத்து லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம். ஒரு மில்லிக்கு 50 லட்சம் செல்லாவது வேணும். 1,000 கோடி செல் உள்ள மருந்துக்கடை கேப்ஸ்யூல்னா பத்து. லேபிள்ல பிளான்டாரம் மட்டும் இருக்கான்னு பாருங்க, எட்டு வகை கலந்தது வேண்டாம். வோர்ட் மேல கிளிங் ஃபிலிமை ஒட்டி விரிச்சு, முடிஞ்சா மேல் இடைவெளியில கார்பன் டை ஆக்சைடு நிரப்பி மூடிடுங்க. 32லேர்ந்து 37 டிகிரி. 24லேர்ந்து 36 மணி நேரத்துல 3.3க்கு வரும்.

3.3 வந்ததும் அடுப்பு. 15 நிமிஷக் கொதி பாக்டீரியாவுக்குப் போதும். 5லேர்ந்து 8 ஐ.பி.யு. (கசப்பை அளக்கிற அலகு) கசப்பு வேணும்னா ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம். கடைசி 5 நிமிஷத்துல இடிச்ச மல்லி விதை 20 கிராம், அயோடின் இல்லாத உப்பு 15 கிராம். ஆத்தி 18 டிகிரில சாதாரண ஏல் ஈஸ்ட், ஆனா ரெண்டு பாக்கெட். அந்தப் பி.எச்.ல ஈஸ்ட் திணறும், ஒரு பாக்கெட்டோட விட்டா 1.020ல நின்னுடும். ஒழுங்கா ஓடினா 1.009 பக்கம் முடியும்.

நுரைப்பித்தன்

இரண்டு சந்தேகம். கேப்ஸ்யூலுக்குப் பதிலாக வீட்டுத் தயிர் ஒரு கரண்டி ஊற்றினால் என்ன? இட்லி மாவு? இரண்டிலும் லாக்டிக் பாக்டீரியாதானே இருக்கிறது.

மல்லி விதை நம் மளிகைக் கடையில் கிடைப்பதே போதுமா, தனியாக வாங்கணுமா?

ஆய்வகவாசி

தயிர் நம்பத்தக்கதல்ல. தயிரில் வேலை செய்பவை பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். பாலில் உள்ள லாக்டோஸ்தான் அவற்றுக்கு உணவு. வோர்ட்டின் முதன்மைச் சர்க்கரை மால்டோஸ், பல்காரிகஸால் அதைப் பயன்படுத்த முடியாது. வோர்ட்டில் இருக்கும் கொஞ்சம் குளுக்கோஸை முடித்துவிட்டு பி.எச். 4 பக்கம் நின்றுவிடக்கூடும். வீட்டுத் தயிரில் வேறு வகைகளும் கலந்திருக்கும் என்பதால் சிலருக்கு வேலை செய்யும், அடுத்த முறை செய்யாது.

இட்லி மாவைப் பொங்கவைப்பது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ். அது லாக்டிக் அமிலத்தோடு வாயுவும் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் உண்டாக்கும் வகை. கெட்டிலில் தேவைப்படுவது ஒற்றை அமிலம். மாவோடு வரும் உளுந்துப் புரதமும் மற்ற கிருமிகளும் தனித் தொல்லை.

அரைக்காத மால்ட் ஒரு கைப்பிடி போட்டுப் புளிக்கவைப்பது பழைய முறை, அதற்கும் இதே எச்சரிக்கைதான். தானியத் தோலில் லாக்டோபேசில்லஸ் இருக்கிறது, கிளாஸ்ட்ரிடியமும் இருக்கிறது. செய்தே தீருவேன் என்றால் முன்கூட்டி 4.5க்கு இறக்கி, 45 டிகிரியை விடாமல் பிடித்து, காற்று புகாமல் வையுங்கள்.

கொதிகலன்

மல்லி: மளிகைக் கடை இந்திய மல்லியே நல்லது. நீள்வட்டமா, வெளிர் நிறமா இருக்கும், எலுமிச்சை வாசனை தூக்கலா வரும். ஐரோப்பியக் கடைகள்ல கிடைக்கிற உருண்டை வகையில காய்கறி வாடை கொஞ்சம் எட்டிப்பார்க்கும். வறுக்காதீங்க, சாம்பார் பொடி ஆயிடும். பொடியும் பண்ண வேண்டாம், ஒவ்வொரு விதையும் ரெண்டா மூணா உடைஞ்சா போதும்.

லைப்சிக்வாசகன்

கோஸ பேச்சு வந்துவிட்டதால் அதன் வரலாறு. இந்தப் பீர் இன்று இருப்பதே ஆச்சரியம்.

பெயர் ஜெர்மனியின் கோஸ்லார் நகரத்திலிருந்து வந்தது, புகழ் லைப்சிக்கில். லைப்சிக்குக்குப் பெருமளவில் அனுப்பியது டோல்நிட்ஸ் ஊர் ஆலை. நீண்ட கழுத்துப் புட்டியில் மூடியே போடாமல் விடுவார்கள். நொதித்தலின்போது மேலே ஏறும் ஈஸ்டே கழுத்தில் அடைப்பாகக் காய்ந்து நிற்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டோல்நிட்ஸ் ஆலை பறிமுதலாகிக் கலைக்கப்பட்டது. 1949இல் லைப்சிக்கிலேயே ஒரு சிறு ஆலை தொடங்கி, 1966இல் அதுவும் மூடியது. அத்தோடு உலகில் கோஸ காய்ச்ச ஒருவரும் இல்லை.

1980களில் லோதர் கோல்ட்ஹான் என்பவர் லைப்சிக்கின் பழைய கோஸ விடுதியான 'ஓனே பெடென்கென்'னை மீட்டெடுக்கும்போது, விடுதிக்கு அதன் பீர் வேண்டும் என்று கிளம்பினார். பழைய ஆட்களிடம் சுவை விசாரித்து, கிழக்கு பெர்லினில் வைஸ காய்ச்சிக்கொண்டிருந்த ஆலையைப் பிடித்தார். புளிப்பு பீரைத் தன் ஆலைக்குள் விட வேறு யாருக்கும் துணிச்சல் இல்லை. 1986இல் கோஸ திரும்பியது. நடுவில் தடங்கல்கள் இருந்தாலும், 2000இல் லைப்சிக்கின் பழைய ரயில் நிலையக் கட்டடமான பையரிஷர் பான்ஹோஃபில் ஆலை திறந்தபின் நிலைத்தது. உப்பும் மல்லியும் ஜெர்மானியத் தூய்மைச் சட்டத்துக்கு (பீரில் என்னென்ன சேர்க்கலாம் என்று வரையறுப்பது) ஒவ்வாதவை. வட்டாரச் சிறப்புப் பொருள் என்ற விலக்கில் ஓடுகிறது.

பெர்லினர் வைஸயின் கதை வேறு. சாகவில்லை, சர்பத் ஆகிவிட்டது. ராஸ்பெரி சிரப்போ பச்சை நிற வுட்ரஃப் மூலிகைச் சிரப்போ ஊற்றி உறிஞ்சுகுழல் போட்டுத் தருவார்கள். @கொதிகலன் கவனிக்க: பழைய பெர்லின் வைஸயில் பிரெட்டும் இருந்தது, புட்டியில் வருடக்கணக்கில் முதிர வைத்தார்கள். "சுத்தமான புளிப்பு" என்று நீங்கள் சொல்வது இந்தக் காலத்து வடிவம். அண்மையில் பெர்லினில் ஷ்னேயொய்லே போன்ற சிறு ஆலைகள் பிரெட்டோடு கூடிய பழைய பாணியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன.

கொதிகலன்

சரியான குத்து. ஏத்துக்கிறேன், பெர்லினைப் பொறுத்தவரை. ஆனா பிரெட் வேணும்னா கொதிக்கு அப்புறம் ஏல் ஈஸ்டோட சேர்த்து அதையும் விடலாம், மூணு மாசம் கூடுதலாகும், அவ்வளவுதான். கெட்டில் முறைக்கும் அதுக்கும் பகை ஒண்ணும் இல்லை.

பார்லிமணி

பகை இல்லைதான், ஆனால் எத்தனை ஆலை அப்படிச் செய்கிறது? அமெரிக்க மறுமலர்ச்சி தொடங்கிய விதத்தையும் பிறகு போன திசையையும் பாருங்கள். பெல்ஜியத்தின் ரோடன்பாக் ஆலையில் இருந்த பீட்டர் பூக்கார்ட் 1996இல் அமெரிக்காவின் நியூ பெல்ஜியம் ஆலைக்குப் போய் மரப் பீப்பாய்களில் 'லா ஃபோலி' செய்தார். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலையில் வின்னி சிலுர்சோ ஒயின் பீப்பாய்களில் பிரெட்டை விட்டார். 2007இல் மெய்ன் மாநிலத்தில் அலகாஷ் ஆலை கூல்ஷிப் கட்டியது. எல்லாமே பொறுமையை மூலதனமாகப் போட்ட வேலை. 2010களில் கெட்டில் சவர் பரவியதும் ஆறு மாதப் பீப்பாய் ஆறு நாள் தொட்டியாகிவிட்டது. இப்போது பாதிக் குவளை மாம்பழக் கூழ், லாக்டோஸ், வெனிலா. புளிப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி பற்றி யாரும் எழுதவில்லையே?

கருந்தாழி

ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பீருக்கு ரூசெலாராவின் ரோடன்பாக்தான் அளவுகோல். அங்கே 294 ஃபூடர்கள், ஆள் உயரத்தைத் தாண்டிய ஓக் தொட்டிகள். கிளாசிக் வகையில் இரண்டு வருடம் முதிர்ந்தது கால் பங்கு, இளையது முக்கால் பங்கு. கிராண்ட் குருவில் முதிர்ந்தது மூன்றில் இரண்டு பங்கு.

வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் கலத்தின் அளவு. பெரிய தொட்டியில் லிட்டருக்கு மரப்பரப்பு குறைவு, ஆக்சிஜன் மிகச் சன்னமாகக் கசியும். 225 லிட்டர் ஒயின் பீப்பாயில் கூடும். 20 லிட்டர் குட்டிப் பீப்பாயில் எக்கச்சக்கம், ஆறே மாதத்தில் காடி. காடியாக்கும் அசெட்டோபேக்டர் பாக்டீரியாவுக்குக் காற்றும் ஆல்கஹாலும் கிடைத்தால் வேறென்ன செய்யும். பிளாஸ்டிக் வாளியும் வருடக்கணக்கில் வைக்க லாயக்கில்லை. கண்ணாடி கார்பாய் (குறுகிய வாய்ப் பெரிய குடுவை), வாய்வரை நிரப்பி, உள்ளே 20 லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் ஓக் துண்டு. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் நீரடைப்பு) தண்ணீர் வற்றாமல் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ருசி பார்க்கிறேன் என்று வாரா வாரம் திறப்பதும் காற்றை ஊதுவதும் ஒன்றுதான். மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் பதறாதீர்கள், கலைக்கவும் வேண்டாம்.

நுரைப்பித்தன்

அப்படியானால் வீட்டில் லாம்பிக் பாணியில் காற்றிலிருந்தே புளிக்கவைக்க முடியாதா? பானையைத் திறந்து வைத்தால்?

கருந்தாழி

முடியும். ஆனால் 7,500 லிட்டர் இரவு முழுக்க மெல்ல ஆறும், 20 லிட்டர் அகலத் தட்டில் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். அதனால் தட்டு வேண்டாம், கொதித்த பானையையே வலை மூடி வெளியே வையுங்கள், இரவு 8 டிகிரிக்குக் கீழ் போகும் நாளில். ஆறுவதற்குமுன் லாக்டிக் அமிலம் விட்டு 4.5க்கு இறக்கிவிடுங்கள். முதல் மாதக் குடல்வகை பாக்டீரியாக்களை இது பெரும்பாலும் வெட்டிவிடும். அவை பயோஜெனிக் அமீன் (உடம்புக்கு ஒவ்வாத சேர்மம்) உண்டாக்கக்கூடியவை. இறக்காதவர்கள் முதல் இரண்டு மாதம் ருசி பார்க்கவே கூடாது. பூஞ்சை கறுப்பாகவோ பச்சையாகவோ ரோமம் போல எழுந்தால் கொட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்தும் மலநாற்றமோ சாக்கடை நாற்றமோ மிச்சம் இருந்தால் அதுவும் கொட்ட வேண்டியதுதான்.

ஆய்வகவாசி

பழுது பற்றித் துண்டு துண்டாக வருவதால் மீதியை நான் சேர்க்கிறேன்.

வாந்தி நாற்றம் பியூட்டிரிக் அமிலம், மூலம் கிளாஸ்ட்ரிடியம். கொதியில் முழுக்கப் போகாது. பிரெட் விட்டால் மாதக்கணக்கில் அதை எஸ்டராக மாற்றி அன்னாசி வாசனையாக்கும், லேசாக இருந்தால் மட்டும். பழைய சீஸ், வியர்வைக் காலுறை வாடை ஐசோவலேரிக் அமிலம். புளிக்கும்போது காற்று புகுந்திருக்கிறது, அல்லது ஹாப்ஸ் பழையது. நகப்பூச்சு வாடை எத்தில் அசிடேட். அது தூக்கலாக வந்துவிட்டால் மீட்பு இல்லை.

பீர் எண்ணெய் போல வழவழவென்று நூலாக இழுத்தால் பீடியோகாக்கஸ் சர்க்கரைப் பசை கட்டியிருக்கிறது. பயமுறுத்தும் தோற்றம், ஆனால் பிரெட் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தானே கரையும். கூடவே வரும் வெண்ணெய் வாடையும் அப்படியே. பிரெட் இல்லாமல் பீடியோகாக்கஸை மட்டும் விடுவது வம்பு.

புரியாமல் பலரைத் திணறடிப்பது எலிக்கூண்டு வாடை. மோந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கிச் சில நொடி கழித்து, பொரித்த தானியமும் எலியும் கலந்த மாதிரி ஒன்று நாக்கின் அடியில் எழும். காரணம் டெட்ராஹைட்ரோபிரிடின். பீரின் அமிலத்தில் அது ஆவியாகாது, உமிழ்நீர் பி.எச்.ஐ உயர்த்தியதும் கிளம்பும். சோதிக்க வேண்டுமானால் உள்ளங்கையில் நாலு சொட்டு பீரோடு ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து தேய்த்து மோந்து பாருங்கள். புட்டியில் அடைக்கும்போது கலந்த ஆக்சிஜன்தான் பொதுவான தூண்டுதல். அப்படியே வையுங்கள், சில மாதங்களில் பெரும்பாலும் அடங்கும்.

இன்னொன்று, இந்த இழையில் எல்லோரும் பி.எச்.ஐ மட்டும் பேசுகிறீர்கள். 3.3 உள்ள இரண்டு பீரில் ஒன்று பல்லைக் கூசவைக்கும், மற்றது சாதுவாக இருக்கும். நாக்கு உணர்வது பெரும்பாலும் மொத்த அமிலத்தை. 10 மில்லி பீரை நன்றாகக் குலுக்கி, லேசாகச் சூடாக்கி வாயுவை முழுக்க வெளியேற்றுங்கள். விட்டால் கார்பானிக் அமிலமும் கணக்கில் ஏறும். பி.எச். 8.2 வரும்வரை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செலவான மில்லியை 0.9ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் லாக்டிக் அமிலம் என்று வரும். 7 மில்லி செலவானால் 6.3 கிராம். மீட்டரை 4.01, 7.00 இரண்டு கரைசலிலும் சரிபார்த்து, மாதிரியை அறை வெப்பத்துக்கு ஆற்றி அளக்கவும். காகிதப் பட்டை இந்த வேலைக்கு உதவாது.

லைப்சிக்வாசகன்

இதைப் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. முன்பு எல்லாப் பீருக்கும் ஓரளவு புளிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. 1883இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்டைப் பிரித்தெடுத்தபின், அதையொட்டி குளிர்பதன இயந்திரங்களும் பரவியபின், புளிப்பு 'கெட்டுப்போனது' ஆனது. வேடிக்கை என்னவென்றால் 1904இல் பிரெட்டனோமைசஸை அடையாளம் கண்டு பெயர் வைத்தவரும் அதே கார்ல்ஸ்பர்க்கின் கிளாவ்ஸன்தான். ஆங்கிலேயர் நெடுநாள் முதிரவைத்த பீரின் தனிச்சுவைக்கு அந்த ஈஸ்ட்தான் காரணம் என்றார் அவர். கழிவாக ஒதுக்கப்பட்டதைச் சுவையாக எழுதிவைத்ததும் அவர்களே.

நுரைப்பித்தன்

கடைசிக் கேள்விகள். ஃபில்லி சவர் என்று ஒரு ஈஸ்ட் பாக்கெட் வருகிறதே, பாக்டீரியாவே வேண்டாமாம். பழம் எவ்வளவு, எப்போது போடுவது? புட்டி?

கொதிகலன்

ஃபில்லி சவர் லாக்கான்சியா இனத்து ஈஸ்ட், ஃபிலடெல்ஃபியா கல்லறைத் தோட்டத்து மரம் ஒண்ணுலேர்ந்து பிரிச்சது. அமிலம், ஆல்கஹால் ரெண்டையும் அதுவே பண்ணும். 22லேர்ந்து 25 டிகிரி, பத்து நாள், 3.2லேர்ந்து 3.5. குளுக்கோஸ் கொஞ்சம் சேர்த்தா புளிப்பு ஏறும். தனியா விடுங்க, வேற ஈஸ்ட் கலந்தா அது அடங்கிப்போகும். ஒரே பானையில கெட்டில் வேலையை முடிக்க நல்ல வழி.

கருந்தாழி

பழம்: கிரீக்குக்கு (செர்ரி போட்ட லாம்பிக்) லிட்டருக்கு 200 முதல் 300 கிராம் புளிப்புச் செர்ரி, கொட்டையோடு. கொட்டையிலிருந்துதான் அந்த வாதுமை மணம். முதிர்ந்த பீரில் போட்டு மூன்று மாதமாவது விட்டு வையுங்கள். பழச் சர்க்கரை முழுக்க நொதித்து முடியாமல் புட்டியில் அடைக்காதீர்கள்.

புட்டி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பிரெட் இருக்கும் பீர் 1.010இல் நின்றுவிட்ட மாதிரி தோன்றும், பிறகு ஆறு மாதத்தில் 1.002க்குப் போகும். அடர்த்தியில் 0.001 குறைந்தாலே சுமார் அரை வால்யூம் (பீரின் கன அளவில் பாதி) வாயு. எட்டுப் புள்ளி என்றால் நான்கு வால்யூம், சாதாரண பீர் புட்டி வெடித்துவிடும். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்து எண் மாறவில்லை என்றால் மட்டும் அடையுங்கள். கனமான ஷாம்பெயின் புட்டி நல்லது. வருடக்கணக்கில் கிடந்த பீரில் ஈஸ்ட் ஓய்ந்திருக்கும், அமிலத்தைத் தாங்கும் ஷாம்பெயின் ஈஸ்டை 20 லிட்டருக்கு 2 கிராம் கரைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்லிமணி

@கொதிகலன், உப்பு 15 கிராம் சரிதான், ஆனால் நாக்கில் உப்பு தனியாகத் தெரிந்தால் கூடிவிட்டது என்று பொருள். 10இல் நிறுத்தி, அடைக்கும் நாளில் ஒரு குவளையில் கரைசலாகச் சொட்டுவிட்டுப் பார்த்து மீதியைச் சேர்ப்பது பாதுகாப்பு. எடுக்க முடியாத பொருள் அது.